டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: பன்னிரண்டு படுக்கைகளில் தொடங்கிய கைங்கர்யம்

சென்னை அடையாறு என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம். மற்றொன்று, கேன்ஸர் ஆஸ்பத்திரி. ஆலமரத்தின் தாய்மரம் 1989-ஆம் வருடம் புயலில் சாய்ந்துவிட்டது. இன்று அங்கே மரமாக நிற்பவை அதன் விழுதுகள்தாம். கேன்ஸர் ஆஸ்பத்திரியின் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அதை ஸ்தாபித்த அம்மையார் 1968-லேயே காலமாகிவிட்டார். அவர் பிடித்து நிறுத்திய மனிதர்களும், அந்த மனிதர்கள் பழக்கிவிட்ட அடுத்த தலைமுறையும் சேர்ந்து அதை இன்றுவரை தாங்கி வருகிறார்கள்.

நம் அங்கத்தினர்களில் மும்பையில் இருப்பவர்களுக்கு 1941-ல் திறக்கப்பட்ட டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு 1950-ல் தொடங்கிய சித்தரஞ்சன் கேன்ஸர் ஆஸ்பத்திரியைத் தெரியும். முதலாவதற்குப் பின்னால் பெரும் தொழில் குடும்பத்தின் தர்மநிதி இருந்தது. இரண்டாவது, தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தானமாகக் கொடுத்த வீட்டில் உருவான சேவாசதனத்திலிருந்து கிளைத்தது. அடையாறில் அப்படிப் பின்பலம் எதுவும் இல்லை. ஒரு மாதர் சங்கமும், அறுபத்தெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியும்தான் இருந்தார்கள். அந்தப் பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சட்டசபை, தேவதாசி ஒழிப்பு, ஔவை இல்லம் என்று வரிசையாகச் சொல்லி, கேன்ஸர் ஆஸ்பத்திரியைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டுவது வேறு, நடத்துவது வேறு. கட்டப் பணம் போதும். நடத்துவதற்கு, விட்டுப் போகாத மனிதர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் கையில் வேலையை ஒப்படைத்ததுதான் முத்துலட்சுமி அம்மையாரின் பெரிய சாதனை என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி 1886-ஆம் வருடம் ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தகப்பனார் நாராயணஸ்வாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் பிரின்ஸிபால். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்த விஷயத்தை நமது பத்திரிகையில் மென்று விழுங்காமல் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். சந்திரம்மாளோடு குடும்பம் நடத்தியதற்காக நாராயணஸ்வாமி ஐயரை அவருடைய சொந்த மனிதர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தகப்பனார் வழி உறவு என்பது அனுபவத்தில் இல்லை. அவர்களுடைய வளர்ப்பும் நட்பும் தாயார் வழிச் சொந்தங்களோடுதான். ஆகவே இந்த அம்மையாரை நம்மவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள யாருக்காவது ஆசை எழுந்தால், அன்றைக்கு நம்மவர்கள் சாத்திய கதவையும் சேர்த்து நினைத்துக்கொள்வதுதான் நியாயம்.

ஆனால் தகப்பனார் பெண்ணின் படிப்பை விடவில்லை. அக்கால வழக்கப்படி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பெண் மெட்ரிகுலேஷனைப் பிரைவேட்டாக எழுதித் தேறினார். அடுத்துக் காலேஜ். புதுக்கோட்டையில் இருந்தது ஆண்பிள்ளைகள் காலேஜ் ஒன்றுதான். ஒரு பெண்ணை, அதிலும் அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஆட்சேபணைகள் கிளம்பின. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார். மூடிய வண்டியில் காலேஜுக்குப் போய், பையன்களுக்கும் தமக்கும் நடுவே திரை தொங்க உட்கார்ந்து அவர் பாடம் கேட்டார்.

1907-ல் சென்னை மெடிக்கல் காலேஜில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹவுஸ் ஸர்ஜனாக நியமனம் பெற்ற முதல் பெண் என்ற பெயரும் அவருக்கு வந்தது. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்துகொண்டார். மனைவியைச் சரிசமமாக நடத்தவேண்டும், அவருடைய விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். சுந்தர ரெட்டி கடைசிவரை வார்த்தை தவறவில்லை. ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பிள்ளைகள். இளையவர் கிருஷ்ணமூர்த்தியின் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கையின் வியாதி

முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அந்தப் பெண்ணுக்கு வயிற்று உபாதை வந்தது. சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள். அது மலக்குடலில் வந்த புற்று என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டில் அக்கா டாக்டர், அத்திம்பேர் டாக்டர். ஊரில் பெயர்பெற்ற வைத்தியர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். இருந்தும் அந்த இளம்பெண் வேதனைப்பட்டு இறந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு டாக்டருக்கு இதைவிடப் பெரிய பரிபவம் இருக்க முடியாது. பின்னாளில் கேன்ஸர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதத்துக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

நம் வீடுகளிலும் அந்தக் காலத்தில் இந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நான் சிறுவனாக இருந்தபோது பெரியவர்கள் 'உள்கட்டி' என்றும் 'ராஜபிளவை' என்றும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்கள். பெண்களுக்கு வந்தால் அதையும் பேசமாட்டார்கள். மார்பில் கட்டி என்று புருஷனிடம் சொல்லவே வெட்கப்பட்டு, புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகு வெளியே தெரிந்த வீடுகள் எத்தனையோ. ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. தட்டு, டம்ளர் தனி, படுக்கை தனி. சொல்லப்போனால் வியாதி கொன்றது பாதி, இந்த மௌனம் கொன்றது பாதி. முத்துலட்சுமி எதிர்த்து நின்றது இரண்டையும்தான்.

1925-ல் அரசாங்க உதவிச் சம்பளத்தில், கணவரோடும் பிள்ளைகளோடும் இங்கிலாந்து சென்றார். பெண்களுக்கான செல்ஸி ஆஸ்பத்திரியில் பயிற்சி. லண்டன் ராயல் கேன்ஸர் ஆஸ்பத்திரியையும் பார்த்தார். ஒரே வியாதிக்கென்று தனி ஆஸ்பத்திரி, அதற்கென்றே பழகிய டாக்டர்கள், நர்ஸுகள், ஆராய்ச்சிக்கூடம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இயங்குவதைக் கண்டார். தங்கையை நினைத்துக்கொண்டு அந்த வார்டுகளில் நடந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சட்டசபையும் ஔவை இல்லமும்

ஊர் திரும்பியதும் பொதுவாழ்வு அவரை இழுத்துக்கொண்டது. அடையாறில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அவர் பெயரை முன்மொழிய, சென்னை சட்டசபைக்கு நியமனம் பெற்றார். சபையின் துணைத்தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகத்திலேயே ஒரு சட்டசபையில் அந்தப் பதவியை வகித்த முதல் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த முயற்சியைச் சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசபக்தர்களே எதிர்த்தார்கள். 1929-ல் தேவதாசிகளின் மானிய நிலங்களை ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும் சட்டம் நிறைவேறியது. முழு ஒழிப்புச் சட்டம் வர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1930-ல் காந்திஜி கைதானபோது துணைத்தலைவர் பதவியையும் சபை அங்கத்துவத்தையும் ராஜினாமா செய்தார். அதே சமயத்தில், அந்த மரபிலிருந்து தப்பி வந்த சில பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்ட, அவர்களைத் தங்கவைத்ததில் பிறந்ததுதான் ஔவை இல்லம்.

இந்த அலைச்சலுக்கு நடுவிலும் தங்கையின் விஷயத்தை மறக்கவில்லை. 1935-ல் சென்னை மெடிக்கல் காலேஜின் நூற்றாண்டு விழா நடந்தது. பழைய மாணவி என்ற முறையில் அங்கே பேசியபோது, சென்னைக்குத் தனியாக ஒரு கேன்ஸர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற தம் விருப்பத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார். அப்போது சென்னையில் எக்ஸ்ரே சிகிச்சைக்கு 1934-ல் தொடங்கிய பர்னார்ட் இன்ஸ்டிடியூட் இருந்தது. ஆனால் அறுவை, கதிர்வீச்சு, பரிசோதனைக்கூடம் மூன்றும் கேன்ஸருக்கென்றே சேர்ந்த இடம் கிடையாது. அவர் வாய்விட்டுச் சொன்ன அந்த ஆசை நிறைவேறப் பத்தொன்பது வருடங்கள் ஆயின.

பன்னிரண்டு படுக்கைகள்

சுதந்திரம் வந்தது. நம்முடைய சர்க்காராகிவிட்டதால் இனி சுலபம் என்று நினைத்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. கேன்ஸர் வந்தால் சாகத்தான் போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்கிற எண்ணம் மேல்மட்டத்திலேயே இருந்தது. காலராவும் க்ஷயமும் மலேரியாவும் கூட்டம் கூட்டமாக ஜனங்களை வாரிக்கொண்டு போன நாட்களில், இருக்கும் பணத்தை எங்கே செலவழிப்பது என்ற கேள்வி அதிகாரிகளுக்கு இருந்ததும் உண்மைதான். முத்துலட்சுமி அந்தக் கேள்வியோடு வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. மாதர் சங்கத்தின் பெயரால் கேன்ஸர் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். பெண்கள் பொதுஜனங்களிடம் கைநீட்டி நிதி திரட்டினார்கள். அரசாங்கத்திடமிருந்து அடையாறில் நிலம் கிடைத்தது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ஆம் வருடம் ஜூன் 18-ஆம் தேதி ஆஸ்பத்திரி வேலை தொடங்கியது.

என்ன இருந்தது அங்கே? ஒரு சிறிய கட்டடம், பன்னிரண்டு படுக்கைகள், சொற்பமான கருவிகள். தென்னிந்தியாவுக்கு அதுதான் முதல் தனிக் கேன்ஸர் ஆஸ்பத்திரி. தஞ்சாவூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு படுக்கை எந்த மூலைக்குக் காணும்? ஆனால் அம்மையார் கணக்குப் பார்த்தது படுக்கைகளை அல்ல, ஆட்களை.

தங்கியவர்கள்

முதல் ஆள், அவருடைய சொந்தப் பிள்ளை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கேன்ஸர் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அப்படிப்பட்டவருக்குத் தனியாகப் பிராக்டீஸ் வைத்தால் பணம் கொட்டியிருக்கும். தாயார் அவரை அடையாறில் உட்காரவைத்தார். ஊரார் பிள்ளையைத் தியாகம் செய்யச் சொல்வது எளிது. முதலில் தம் வீட்டுப் பிள்ளையைக் கொடுத்த பிறகுதான் அவர் மற்றவர்களைக் கேட்டார். வாரிசுக்குப் பதவி தேடுவது நாம் அன்றாடம் பார்க்கும் காட்சி. வாரிசை ஊதியம் குறைந்த வேலைக்கு அனுப்பி, அதிலேயே வாழ்நாளைக் கழிக்க வைப்பது அபூர்வம். கிருஷ்ணமூர்த்தி 2010-ல் மறையும்வரை அந்த ஆஸ்பத்திரியைவிட்டு நகரவில்லை.

இரண்டாவது ஆள் டாக்டர் வி. சாந்தா. 1927-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். ஸர் ஸி.வி. ராமனும் சுப்ரமண்யன் சந்திரசேகரும் அவருடைய நெருங்கிய உறவினர்கள். 1949-ல் எம்.பி.பி.எஸ்., பிறகு பிரசவ வைத்தியத்தில் மேல்படிப்பு. ஸர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறி அரசாங்கப் பெண்கள் ஆஸ்பத்திரியில் உத்தியோகமும் கிடைத்தாகிவிட்டது. அந்தக் காலத்துப் பெண் டாக்டருக்கு அதைவிடக் கௌரவமான, பத்திரமான வேலை வேறில்லை. அதை உதறிவிட்டு, பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அவர் சொன்னபோது வீட்டாரும் நண்பர்களும் திகைத்துப்போனதில் ஆச்சரியமில்லை. 1955 ஏப்ரலில் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடிவந்தார். ஆரம்பத்தில் கௌரவ ஊழியம், பிறகு மாதம் இருநூறு ரூபாய். 2021 ஜனவரி 19-ல் காலமாகும்வரை அதுவே அவருக்கு வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2005-ல் மகஸேஸே விருதும், 2016-ல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. வந்த பெருமையை எல்லாம் ஆஸ்பத்திரிக்கே சமர்ப்பித்தார்.

முத்துலட்சுமி இந்த இருவரிடமும் வைத்தியத்தை விட்டுவிட்டு, பணம் திரட்டுவது, சர்க்காரோடு மல்லுக்கு நிற்பது, வாசலில் வரும் ஏச்சுப் பேச்சுகளைத் தாங்கிக்கொள்வது ஆகிய வேலைகளைத் தம் தலையில் போட்டுக்கொண்டார். நல்ல தலைமைக்கு இதுதான் லட்சணம் என்று நினைக்கிறேன். வேலை தெரிந்தவனுக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, அவன் கவலையில்லாமல் வேலை செய்ய வழி பண்ணுவது. உத்தியோக வாழ்க்கையில் நாம் எல்லோருமே பல மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறோம். இந்த லட்சணம் எத்தனை பேரிடம் கண்டோம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்து இறங்கியது. பெரிய பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே அது எட்டிப்பார்க்காத நாட்கள் அவை. 1960-ல் குழந்தைகளின் கேன்ஸருக்கென்று தனிப் பிரிவு அமைந்தது. வாய்ப்புற்று நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி, வெளிநாட்டு மருத்துவ இதழ்கள்வரை போனது. வெற்றிலை புகையிலை போடும் நம் நாட்டில் அதிகமாக வரும் புற்று அது. மேல்நாட்டார் காட்டிய வழி மட்டும் நமக்குப் போதாது, நம் ஜனங்களின் வியாதிக்கு நாமே வழி தேடவேண்டும் என்ற தெளிவு அந்தச் சிறு கூட்டத்துக்கு இருந்தது.

அம்மையாருக்கு 1956-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ல், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்னதாக அவர் காலமானார்.

பெயர் தெரியாதவர்கள்

இதுவரை பெயர் பெற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு கேன்ஸர் ஆஸ்பத்திரி இரண்டு மூன்று பெரிய டாக்டர்களால் மட்டும் ஓடுவதில்லை. பெயர் வெளியே வராத மனிதர்கள் செய்யும் வேலையைச் சற்று விளக்கினால்தான் முத்துலட்சுமி எதைக் கட்டினார் என்பது முழுதாகப் புரியும்.

கோபால்ட் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள்ளே இருக்கும் கோபால்ட்-60 என்ற உலோகம் தானாகவே கதிர்வீசி, தானாகவே தேய்ந்துகொண்டிருக்கும். சுமார் ஐந்தேகால் வருடத்தில் அதன் பலம் சரிபாதியாகிவிடும். போன வருடம் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம் போதுமானதாக இருந்தால் இந்த வருடம் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். குறைந்தால் புற்று பிழைத்துக்கொள்ளும். கூடினால் நல்ல சதை வெந்துபோகும். இதைக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பவர் டாக்டர் அல்ல, பௌதிகம் படித்த ஒருவர். நோயாளியை மேஜையில் ஒரு நூல் பிசகாமல் கிடத்தி, தோலில் மையால் கோடு போட்டு, தினமும் அதே இடத்தில் கதிர் விழும்படி பார்த்துக்கொள்பவர் டெக்னீஷியன். ஒரு நோயாளிக்கு இப்படி ஐந்தாறு வாரம் நடக்கும்.

ஐந்தாறு வாரம் என்றால், வெளியூரிலிருந்து வந்த கூலிக்காரன் எங்கே தங்குவான், எதைச் சாப்பிடுவான், வீட்டில் விட்டு வந்த குழந்தைகளை யார் பார்ப்பார்கள்? பாதியில் ஊருக்கு ஓடிவிட்டால் செய்த சிகிச்சை வீண். அவனை உட்காரவைத்துப் பேசித் தைரியம் சொல்லி, சகாயத்துக்கு வழி பண்ணி நிறுத்திவைப்பவர் சமூக ஊழியர். வாய்ப்புண்ணால் விழுங்க முடியாதவருக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுபவர் நர்ஸ். நாற்றமெடுக்கும் புண்ணை முகம் சுளிக்காமல் துடைத்துக் கட்டுபவரும் அவரே. அந்த அறையைக் கழுவிவிடுபவர் ஆயா. சொந்த மகனே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கும்போது, சம்பளத்துக்கு வந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து தலையை வருடிக் கொடுக்கிறாள் என்றால், அந்தச் சம்பளத்தால் அதை அளக்க முடியுமா?

இன்னொரு கூட்டமும் உண்டு. காகிதக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ரிக்கார்டு குமாஸ்தாக்கள். ஜுரம் இறங்கினால் குணம் என்று சொல்லிவிடலாம். கேன்ஸரில் அப்படி இல்லை. ஐந்து வருடம், பத்து வருடம் கழித்தும் அந்த மனிதர் இருக்கிறாரா, வியாதி திரும்பி வந்ததா என்று தெரிந்தால்தான் கொடுத்த வைத்தியம் பலித்ததா என்று சொல்ல முடியும். ஆகவே விலாசம் தேடி விசாரிக்கவேண்டும். 1981-ல் சென்னை நகரத்தின் கேன்ஸர் பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு அடையாறு ஆஸ்பத்திரி தொடங்கியது. அதன் ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், ஒவ்வொரு கேஸாகத் தேடி எழுதிக் கொண்டுவருவார்கள். சென்னைப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப்புற்று குறைந்து மார்பகப் புற்று கூடிவருகிறது என்று இன்று நாம் பத்திரிகையில் படிக்கிறோமே, அந்தச் செய்தி இப்படிக் கால்நடையாகச் சேகரித்த கணக்கிலிருந்து வந்தது.

இவர்களுக்கெல்லாம் பாடம் சொல்லவும் ஒரு இடம் வேண்டும் அல்லவா? 1984-ல் அந்த வளாகத்திலேயே அம்மையாரின் பெயரால் கேன்ஸர் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கேன்ஸர் அறுவை சிகிச்சையிலும் மருந்து சிகிச்சையிலும் தனி மேற்பட்டப் படிப்பை நம் நாட்டில் முதலில் தொடங்கிய இடம் அதுதான். அங்கே படித்தவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். நம் அன்பர்கள் வேறு ஏதோ ஒரு நகரத்தில் கேன்ஸர் டாக்டரின் அறைக்குள் நுழையும்போது, அவர் அடையாறில் பழகியவராக இருக்கலாம். பன்னிரண்டு படுக்கைகளாக இருந்தவை ஐந்நூறுக்கு மேல் ஆகிவிட்டன. இன்றும் வசதி இல்லாத நோயாளிகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடக்கிறது.

நமக்கு

2019-ல் தமிழ்நாடு அரசு, முத்துலட்சுமி அம்மையாரின் பிறந்தநாளான ஜூலை 30-ஐ ஒவ்வொரு வருடமும் அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடும்படி அறிவித்தது. பிறந்தநாளை மாலை போட்டுக் கொண்டாடும் தலைவர்கள் அனேகம் பேர் உண்டு. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களை நினைக்கும் நாளாகத் தம் பிறந்தநாளை விட்டுப்போனவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்காது.

நம் சங்கத்து அங்கத்தினர்கள் இந்தச் சரிதத்திலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று விஷயங்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதலாவது, மௌனத்தை விடுவது. வீட்டுப் பெண்கள் கட்டி, கசிவு, ஆறாத புண் என்று எதையாவது சொன்னால் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். கருப்பை வாய்ப்புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது. வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. 2022-ல் நம் நாட்டிலேயே தயாரான தடுப்பூசிக்கும் அனுமதி கிடைத்தது. முத்துலட்சுமியின் தங்கைக்கு இல்லாத வாய்ப்பு நம் பேத்திகளுக்கு இருக்கிறது.

இரண்டாவது, தர்மம் செய்ய நினைப்பவர்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது. கல்வெட்டில் பெயர் வரும் என்றால் கட்டடத்துக்குப் பணம் சேர்ந்துவிடும். ஒரு நர்ஸின் படிப்புக்கோ, வெளியூர் நோயாளியின் ஒரு மாதச் சாப்பாட்டுக்கோ கொடுத்தால் கல்வெட்டு கிடையாது. பலன் மட்டும் உண்டு. அவரவர் ஊரில் உள்ள கேன்ஸர் ஆஸ்பத்திரியில் விசாரித்தாலே என்ன தேவை என்று சொல்வார்கள்.

மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. ஒரு குழந்தை எந்த வீட்டில், யார் வயிற்றில் பிறந்தது என்று பார்த்து நம் முன்னோர் ஒரு கதவைச் சாத்தினார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து கட்டிய ஆஸ்பத்திரி, ஜாதி கேட்காமல், குலம் கேட்காமல், கதவைத் திறந்தே வைத்தது. நம் வீட்டு மனிதர்களும் அதே கதவு வழியாகப் போய்ப் பிழைத்து வந்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்ணான சாந்தா, அந்த அம்மையார் காட்டிய இடத்தில் அறுபத்தைந்து வருடம் ஊழியம் செய்தார். பழைய கணக்கை அப்படித்தான் தீர்க்க முடியும் போலிருக்கிறது: வாதம் செய்து அல்ல, கூட நின்று வேலை செய்து.

அடுத்த முறை சென்னைக்கு வரும் அன்பர்கள் அடையாறு பக்கம் போனால் ஆலமரத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். காலை ஷிப்டுக்கு நர்ஸுகளும் டெக்னீஷியன்களும் ஆயாக்களும் கையில் சாப்பாட்டுப் பையோடு உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள். முத்துலட்சுமி அம்மையாருக்கு நமஸ்காரம் செய்ய விரும்புகிறவர்கள் அவர்களைப் பார்த்துக் கைகூப்பினால் போதும்.